பொய் சொன்ன பெட்ரோல் முள்

எங்கள் திருமண நாளன்று மனைவி மிர்தாவைக் கடலுக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு. புருஷ லட்சணமான முடிவு. அதை நிறைவேற்றுவதற்காக முதல் காரியமாக அவளிடம் பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் நோர்பெர்த்தோ. ஓல்கீன் நகரத்துப் பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிறவன். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறேன். வீட்டில் எனக்கு வாய்க்கட்டு. எங்கள் வாசலில் எலுமிச்சை மரத்தடியில் ஒரு பச்சைக் கார் நிற்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே பிறந்த கார். மாமனார் விட்டுப்போனது. அவர் போன பிறகு அதில் ஒவ்வொன்றாக விட்டுப்போயிற்று. ஹாரன் விட்டுப்போயிற்று, கைப்பிடி விட்டுப்போயிற்று, கிலோமீட்டர் காட்டும் முள் உயிரையே விட்டுப்போயிற்று. பெட்ரோல் முள் மட்டும் எப்போதும் தொட்டி நிறைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தாலும் அது விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி வலது பக்கம் சாய்ந்தே கிடக்கும்.

அங்கேதான் வினை. கியூபாவில் பெட்ரோல் என்பது போனில் பேர் கொடுத்துவிட்டுத் தவம் கிடந்து வாங்குகிற வஸ்து. அப்படிப்பட்ட நாட்டில் என் முள்ளைப் பார்த்த தெரு முழுவதும் என்னிடம் பாட்டில் கேட்டது. பாட்டில் என்றால் குடிக்கிற பாட்டில் இல்லை. வழியில் போகிற வண்டியில் ஓசியாக ஏறிக்கொள்வதற்கு எங்கள் ஊரில் பாட்டில் என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று ஏறுகிறவனுக்கும் தெரியாது, ஏற்றுகிறவனுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு ஒரு பாட்டில், பிரசவத்துக்கு ஒரு பாட்டில், பன்றிக்குட்டி வாங்க ஒரு பாட்டில். கடலுக்குப் போக மட்டும் மிச்சம் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முள்ளைச் சரிசெய்ய வண்டிக்கு அடியில் புகுந்தேன். மிர்தாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"மிர்தா, முள் எங்க நிக்குது?"

"ரொம்பி வழியுது."

தொட்டிக்கு மேலே ஒரு கம்பி கழன்று தொங்கியது. அதை எடுத்து வண்டியின் உடம்பில் தொட்டேன்.

"இப்போ?"

"அய்யோ, படுத்துடுச்சு! காலி!"

எடுத்தேன். "இப்போ?"

"எழுந்துடுச்சு. என்ன கிழவா, பெட்ரோல் எங்க போயி எங்க வருது?"

"ஆவியாகுது. வெயில் இல்ல?"

"வெயில்ல ஆவியாகும். திரும்பி வருமா?"

"அதெல்லாம் எந்திர சாஸ்திரம். உனக்குப் புரியாது."

நான் இருட்டில் மல்லாந்து கிடந்தபடி ஞானம் பெற்றேன். கம்பி தொங்கினால் முள் நிறைவு காட்டும். உடம்பில் பட்டால் காலி காட்டும். தொட்டியில் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தால் உண்மை காட்டும். உண்மை யாருக்கு வேண்டும்? கம்பியை வண்டியின் உடம்போடு வைத்து ஒரு திருகாணி போட்டு முடுக்கினேன். முள் நிரந்தரமாகப் படுத்தது.

"சரி பண்ணிட்டியா?" என்றாள்.

"சுத்தமா."

அன்று முதல் தெரு பாட்டில் கேட்டால் கதவைத் திறந்து முள்ளைக் காட்டினேன். முள்ளைப் பார்த்ததும் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நானோ என் முறை வரும்போதெல்லாம், "டயருக்குக் காத்து அடிச்சுட்டு வரேன்" என்று கிளம்பிப்போய்ப் பெட்ரோல் போட்டுவந்தேன். வேலைக்கு சைக்கிளில் போனேன். வண்டிச் சாவியைப் பல்செட் வைக்கிற டப்பாவில் போட்டு மூடினேன்.

இதில் ஒரே கஷ்டம், மிர்தாவும் கேட்டாள்.

"இந்த வாரம் ஹிபாராவுக்குப் போலாமா? கடல் பாத்து எவ்வளவு நாளாச்சு."

"எதுல போறது? முள்ளப் பாரு."

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முள்ளை விட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஹிபாராவுக்குப் போனோம். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது அவள் என் தோளில் தூங்கிப்போனாள். கை மரத்துப்போயிற்று. நான் எடுக்கவில்லை. அந்தக் கைக்குத்தான் இத்தனை வருஷமாக ஏங்குகிறேன். எனக்கு வேண்டியது அதிகம் இல்லை. அவளும் நானும், நடுவில் அவளுடைய தையல் மெஷினோ, பக்கத்து வீடோ, சமையலோ இல்லாமல் ஒரு பகல். அதற்காகத்தான் அவளிடமே இல்லை இல்லை என்று சொன்னேன்.

வாராவாரம் கேட்டவள், ஒரு வாரம் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. கேட்டபோது இருந்த கஷ்டத்தை விட இது பெரிய கஷ்டமாக இருந்தது. ஆனால் ஆள் வாடவில்லை, அதுதான் விசித்திரம். முகம் வெயில் பட்டு மின்னியது.

"என்ன இப்படிக் கறுத்துட்ட?"

"மொட்டை மாடில துணி காயப்போட்டேன்."

"துணி காயுதா, நீ காயுறியா?"

"ரெண்டும்தான். நீ கேக்கவாவது செஞ்சியே."

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு நியேவெஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். நியேவெஸ் தலையை நீட்டினால் ஊர்வம்பும் கூடவே நீளும்.

"பல்லு டாக்டரே! உங்க வீட்டம்மா குடுக்கற பாட்டிலுக்கு ரொம்ப நன்றிங்க. அவ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேனோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி நான் இல்லாமல் நகராது. அப்படியானால் இது நிஜ பாட்டில். ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி என் பெட்ரோலைப் பாட்டில் பாட்டிலாகத் தெருவுக்குத் தாரை வார்க்கிறாளா? உள்ளே ஓடினேன். அங்கே ஒரு சிக்கல் என்னைத் தடுத்தது. பெட்ரோல் போயிற்றா என்று கேட்டால் பெட்ரோல் இருந்தது தெரிந்துவிடும்.

"மிர்தா, நியேவெஸுக்கு பாட்டில் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அடிக்கடியா?"

"வாரம் ஒண்ணு."

"ஓசியிலயா?"

"பாட்டிலுக்குப் போயி யாராவது காசு வாங்குவாங்களா?"

"எங்கேர்ந்து எடுத்த?"

"வேற எங்கேர்ந்து? நம்ம வாசல்லேர்ந்துதான். ஏன், எதாவது குறையுதா?"

"ச்சே ச்சே. என்ன குறையப்போகுது? ஒண்ணுமே இல்லையே குறையறதுக்கு!"

வாசலில் எலுமிச்சை மரம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தொட்டியில் குச்சி விட்டுப் பார்க்கலாம் என்றால் பெட்ரோல் ஊற்றுகிற குழாய் வளைந்து நெளிந்து போகிறது, குச்சி பாதியிலேயே முட்டிக்கொண்டது. முள்ளைப் பார்க்கலாம் என்றால், முள் என் பேச்சைத்தான் கேட்கும். என் பொய்யை நானே நம்ப வேண்டியதாயிற்று.

திருமண நாள் வந்தது. காலையில் காப்பிக் கோப்பையை அவள் கையில் கொடுத்துத் தொண்டையைக் கனைத்தேன்.

"மிர்தா. கிளம்பு. கடலுக்குப் போறோம்."

"முள் காலி காட்டுதே?"

"முள் பொய் சொல்லுது. நான்தான் சொல்லவெச்சேன். தொட்டி ரொம்பி இருக்கு. அவ்வளவும் உனக்காகச் சேத்தது."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்து, "அடப்பாவி" என்றாள், ரொம்ப மெதுவாக. பிறகு சிவப்பு அவரைச் சோற்றையும் பன்றிக்கறி வறுவலையும் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ராஜா ஆன மாதிரி இருந்தது.

ராஜ்யம் ஆகுவாஸ் கிளாராஸ் கிராமம் தாண்டும்வரை நீடித்தது. அதன் பிறகு வண்டி இருமியது. விக்கியது. மேட்டில் நின்றுவிட்டது.

அடியில் புகுந்தேன். திருகாணியைக் கழற்றிக் கம்பியைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தேன்.

"மிர்தா, முள் எங்க நிக்குது?"

"எங்கயும் நிக்கல. படுத்திருக்கு."

"நல்லா பாரு!"

"நல்லாத்தான் பாக்கறேன். காலி."

வெளியே வந்தேன். "அவ்வளவு பெட்ரோலும் எங்கடி போச்சு?"

"ஹிபாராவுக்கு."

"யாரு கொண்டுபோனா?"

"நான்தான். நியேவெஸ் கூட வந்தா. அவ அக்கா வீடு அங்கதானே."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பா வண்டிய்யா இது. உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே ஓட்டினேன்."

"சாவி?"

"அப்பா ஸ்பூன்லதான் ஸ்டார்ட் பண்ணுவாரு. சாவியெல்லாம் உனக்கு வாங்கிக் குடுத்தது."

நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். "ஓட்டத் தெரியும்னு ஏன் சொல்லல?"

"நீ ஓட்டறப்போ உன் மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும். அதைக் கெடுப்பானேன்னு." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெட்ரோல் இருக்குன்னு எனக்குத் தெரியும் கிழவா. ஒரு நொடில முள் படுத்து எழுந்ததைப் பாத்தேனே. டயருக்கு எத்தனை தடவைதான் காத்து அடிப்ப? எங்கூட வரப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அதான் தனியாப் போனேன். போயி அந்தச் சுவத்துல உக்காந்து நியேவெஸ் பேசறதைக் கேட்டுட்டு வருவேன். நீ வந்தாத் தேவலையேன்னு இருக்கும்."

அவளைக் கடலுக்குக் கூட்டிப்போகச் சேர்த்த பெட்ரோலில், நான் இல்லையே என்று ஏங்கிக்கொண்டு அவள் கடலுக்குப் போய்வந்திருக்கிறாள். நான் ஊரில் யாருக்கோ பல் ராவிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்க் கை. அவள் விலக்கவில்லை.

"பெட்ரோல் தீரப்போகுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நீதான் முள்ளைக் கொன்னுட்டியே. கல்யாண நாளாச்சே, நேத்து நீ போட்டிருப்பன்னு நினைச்சேன்."

அப்போது காலி மீன் பெட்டிகளோடு ஹிபாராவுக்குத் திரும்புகிற லாரி ஒன்று வந்து, எங்கள் வண்டியைக் கண்டதும் தானாகவே நின்றது. டிரைவர் இறங்கினான். என்னைத் தாண்டிப் பார்த்து அவளுக்கு வணக்கம் வைத்தான். கேட்காமலே கயிற்றை எடுத்துக் கட்டினான். நான் ஸ்டியரிங் பக்கம் போனேன்.

"தள்ளி உக்காரு," என்றாள் மிர்தா. "கயித்துல போறப்போ பிரேக் பாத்துப் போடணும்."

தள்ளி உட்கார்ந்தேன். பரவாயில்லை. கடல் வரைக்கும் பக்கத்தில் இருப்பேன். அது போதும் எனக்கு.

லாரிக்காரன் ஜன்னலில் குனிந்து என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னக்கா, இன்னிக்குப் புது ஆளா? நியேவெஸக்கா வரல?"

"என் வீட்டுக்காரர்தாம்பா," என்றாள் அவள். "பெட்ரோல் இல்ல, பெட்ரோல் இல்லன்னு மாசக்கணக்கா சொல்லிட்டேதான் இருந்தாரு. நான்தான் பாவி, நம்பாமப் போயிட்டேன்."