சப்வேயில் கேட்ட 'அப்புறம்'

பிள்ளைகளே, நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான் நம்மைக் கவிழ்க்கும். தெரியாத சொல் என்றால் நாலு பேரிடம் கேட்டிருப்போம். தெரிந்த ஒரு சொல்லை நம்பி நான் ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கதை இது.

அப்போது நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்து மூன்று வாரம். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா அடிக்கும் வேலை. எனக்கு மலையாளம் வந்துவிட்டதாக ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தேன். (வந்தவை டீக்கு 'சாயா', சாப்பாட்டுக்கு 'ஊணு', போதும் என்பதற்கு 'மதி'. வாரத்துக்கு ஒன்று.)

ஒரு மத்தியானம் மாமியார் போன் செய்தார். என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம். வயிற்றில் விட்டுவிட்டு வலி. உடனே திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வண்டி ஏதும் அகப்படாமல் ரயில் ஏறி, இதோ வந்து சேரப் போகிறார்களாம்.

"எறங்கின எடத்துலயே இருங்க அத்தை, அசையாதீங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பெரிய ஆள் மாதிரி!

கையில் மாவோடு ஓடினேன். வெளியே பேய் மழை. முதல் பிளாட்பாரத்தில் ரயில் இல்லை. ஒரு போர்ட்டரிடம், "அண்ணே, நாகர்கோவில் வண்டி?" என்றேன்.

"அப்புறம்" என்றார் அவர். சப்வே படிக்கட்டைக் கையால் காட்டி, "இதில் இறங்ஙிக்கோ. அப்புறம், அப்புறம்."

வண்டி அப்புறம்தான் வருமாம். அதுவரை நனையாமல் கீழே இறங்கி நிற்கச் சொல்கிறார், தங்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பிளாட்பாரங்களுக்கு அடியில் போகும் அந்தச் சுரங்கப்பாதையில் பினாயில் வாடை. ஈரச் செருப்புகளோடு ஆட்கள் சறுக்கிச் சறுக்கிப் போனார்கள். தலைக்கு மேலே ரயில் ஓடும் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அழைப்பு வரவில்லை என்றால் அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (படித்தது எட்டாம் வகுப்பு. இந்த யோசனைக்கு அது போதும்.)

அரை மணி நேரம் கழித்து, பெருக்கிக்கொண்டிருந்த ஒரு சேச்சியிடம் கேட்டேன். அவரும் துடைப்பத்தை நீட்டி, "அப்புறம்!" என்றார். "சரி சேச்சி" என்று மறுபடி உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். "இவிடெ இரிக்கான் பாடில்ல."

"நான் பாடவே இல்லை சார்" என்றேன். (இங்கே உட்காரக் கூடாது என்றுதான் சொன்னாராம்.)

"வண்டிக்காணெங்கில் அப்புறம் போ!" (வண்டிக்கு என்றால், என்கிறார்.)

"அப்புறம் போறேன் சார்."

அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. அவர் திரும்பியதும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

இதைப் பார்த்துக்கொண்டே கரமனை அக்ரஹாரத்து மாமி ஒருத்தர் காய்கறிப் பையோடு இறங்கினார். "யாருக்குடாப்பா காத்திண்டிருக்காய்?"

"நாகர்கோவில் வண்டிக்கு, மாமி. அப்புறம் வருமாம்."

மாமி பையைக் கீழே வைத்துவிட்டார். "அசடே, இங்கே அப்புறம்னா அந்தப் பக்கம்னு அர்த்தம்! அது அந்தப் பக்கத்து பிளாட்பாரத்துக்கு வந்து ஒரு மணி நேரம் ஆச்சே. நானே அதிலேதான் வந்தேன், இப்போதான் மழை விட்டுது. அங்கே ஒரு பொண்ணு பெஞ்சிலே துடிச்சிண்டிருந்தாளே..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை.

அந்தப் பக்கத்து பெஞ்ச் காலியாக இருந்தது. அதன் அடியில் செல்வியின் ஒரு செருப்பு. போன் உயிர் வந்து கத்தியது: இருபத்தாறு தவறிய அழைப்புகள். டீ விற்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆ பெண்ணினெ ஆசுபத்திரியில் கொண்டுபோயி. நீயாணோ பர்த்தாவு?" என்றார். (நீதான் புருஷனா?) செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். "எங்க போய்க் கெடந்தீரு மாப்ள?"

"கீழ, அத்தை."

"கீழயா? நாங்க உம்ம தலைக்கு மேலல்லா கெடந்து கத்துனோம்! அசையாதீங்கன்னு சொன்னீரே, அசையாமத்தான் இருந்தோம்."

கையில் செருப்போடு நின்றேன். குழந்தை பிறந்திருந்தது. ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு. பிழைக்குமா என்று நாற்பது நாள் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் எந்தச் சொல்லில் பதில் சொல்வார்களோ என்று பயம்.

பிழைத்தாள். அவள்தான் மீனா. இப்போது ஆறாம் வகுப்பு. இடது காது மட்டும் கேட்காது. சீக்கிரம் பிறந்ததால் இருக்கலாம், அந்த ஒரு மணி நேரத்தாலும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் பிரித்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மலையாளப் பள்ளியில் படிப்பதால் வீட்டிலும் அவளுக்குப் பாதி மலையாளம்தான். நான் மறந்துபோய் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து ஏதாவது பேசினால், நிமிராமலேயே சொல்வாள்: "அப்பா, அப்புறம்."

உடனே எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். செல்வியும் மாமியாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "இப்ப மட்டும் மாப்ளக்கு ஒடனே வெளங்குது பாரு" என்பார் மாமியார்.

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்து, சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல்வேன்.