புள்ளி வந்தப்புறம் கோடு போடுறவர்

தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு நிக்கிறவங்களுக்கு இவரை நல்லாத் தெரியும். வண்டி நாலாவது பிளாட்பாரத்துல வரும்னு எல்லாரும் நாலுல நிப்போம். அது ரெண்டுல வந்து நிக்கும். நாம பையையும் டிபன் பாக்ஸையும் அள்ளிக்கிட்டு படி ஏறி, படி இறங்கி, செருப்பு ஒண்ணு கழண்டு ஓடுறப்போ, நம்ம கூடவே மூச்சு வாங்க ஓடி வர்ற ஒருத்தர் சொல்லுவாரு: "ரெண்டுலதான் வரும்னு நான் அப்பவே சொன்னேன்."

அப்போ நாலுல என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க? கேட்டுடாதீங்க. ஒரு பார்வை பாத்துட்டு நம்மள முந்திக்கிட்டு ஓடுவாரு.

இந்த இனத்துக்கு நான் வச்சிருக்கிற பேரு 'அப்பவே சொன்னவர்'. மழை வந்தா இவர் அப்பவே சொன்னாரு. மேட்ச் தோத்தா அப்பவே சொன்னாரு. எதிர் வீட்டுப் பொண்ணு முடிச்சூர் பையனைக் கட்டிக்கிட்டா, பத்திரிகை கையில வந்தப்புறம், அப்பவே சொன்னாரு. ஆனா இவங்க எல்லாம் சில்லறை ஆளுங்க, வாயால சொல்றதோட சரி. இந்த இனத்துல ராஜ வம்சம் ஒண்ணு இருக்கு. அது வாயால சொல்லாது, கிராஃப் போட்டுச் சொல்லும். அதாவது, தியரி ஃபிஸிக்ஸ் ப்ரொஃபசர்.

எங்க பிஎச்.டி. கைடு, ப்ரொஃபசர் வைத்தீஸ்வரன் சார் ஹெவி அயான் ஃப்யூஷன் பண்ணுறவரு. பயப்படாதீங்க, விஷயம் சிம்பிள். ஒரு அணுக்கருவை மெஷின்ல வேகமா ஓட்டி, இன்னொரு பெரிய அணுக்கரு மேல மோதவிட்டு, ரெண்டும் ஒட்டிக்குதான்னு பாக்குறது. லேசுல ஒட்டிக்காது, ஒண்ணை ஒண்ணு தள்ளும். நடுவுல கேட் சாத்தின மாதிரி. இப்போ நம்ம ரயில்வே கேட்டை நெனச்சுக்குங்க. சாத்தியாச்சு, யாரும் போகக் கூடாதுன்னு சட்டம். ஆனா சைக்கிளைப் படுக்கப் போட்டு, தலையைக் குனிஞ்சு, புடவையைச் சுருட்டிக்கிட்டு எத்தனை பேர் அடியில நுழையுறாங்க? அதே மாதிரி, போதுமான சக்தி இல்லாத கரு கூட எப்பவாவது ஒண்ணு ரெண்டு நுழைஞ்சு போய் ஒட்டிக்கும். கேட்டுப் பக்கத்துல நின்னு எத்தனை நுழையுதுன்னு எண்ணுறவங்க எக்ஸ்பரிமென்ட் ஆளுங்க. ரூம்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து "இத்தனைதான் நுழையும்"னு சொல்றவங்க தியரி ஆளுங்க.

நியாயமா எது முன்னாடி வரணும்? தியரி சொல்லணும், எண்ணினவங்க ஆமான்னோ இல்லைன்னோ சொல்லணும். நம்ம சார்கிட்ட போய், "சார், எத்தனை வரும்?"னு கேட்டுப் பாருங்க.

"மொதல்ல உன் பாயின்ட்ஸைக் காமி."

பாயின்ட்னா கிராஃப்ல ஒரு புள்ளி: இந்த சக்தியில மோதவிட்டா இத்தனை நுழைஞ்சுதுன்னு. காமிச்சா கண்ணாடியை நெத்திக்கு ஏத்துவாரு. "ம்ம்ம்"பாரு. காபி ஒண்ணு சொல்லிட்டு கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. அவர் தியரியில மூணு திருகாணி உண்டு: கேட்டைத் தாண்டினா கரு போய் விழுற பள்ளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு சரிவு. இதை அரைச் சுத்து, அதைக் கால் சுத்து திருகுவாரு. சாயங்காலம் வெளிய வர்றப்போ கையில ஒரு நீள பிரிண்ட் அவுட் இருக்கும். அதுல ஒரு வளைகோடு, நம்ம புள்ளி அத்தனையையும் பூ கோத்த மாதிரி கோத்துக்கிட்டுப் போகும்.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ!"

மாப்பிள்ளை மணையில வந்து உக்காந்தப்புறம் ஜாதகம் எழுதினா, பத்துக்குப் பத்து பொருந்தாம என்ன பண்ணும்?

ஒரு தடவை சார் வீட்டுல, அவரு உள்ள போன நேரம் பாத்து, அவர் சம்சாரம் அபிதகுஜாம்பாள் மாமிகிட்ட கேட்டேன். "சார் வீட்டுலயும் இப்படித்தானா மாமி?" மாமி முறுக்குத் தட்டை வச்சுட்டு, குரலைக் கூட தாழ்த்தாம சொன்னாங்க: "இவர் அப்பவே சொன்னதெல்லாம் எனக்கு எப்பவுமே அப்புறம்தான்டா கேட்டிருக்கு."

இதெல்லாம் தமாஷாத்தான் இருந்துச்சு, தொண்ணூத்தி மூணுல யூனிஸ் டில்லிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும்.

யூனிஸ் எனக்கு சீனியர். இரும்புலியூர்ப் பொண்ணு. டில்லி மெஷின்ல மூணு நாள் கிடைக்க ரெண்டு வருஷம் க்யூவுல நின்னவங்க. அந்த மூணு நாள்ல மெஷின் ஒன்றரை நாள் படுத்துக்கிச்சு. மிச்ச நேரத்துல பன்னெண்டு புள்ளி எடுத்தாங்க. பதினொண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம். கடைசிப் புள்ளிதான் விஷயமே. எல்லாத்தையும் விடக் கம்மி சக்தி, கேட்டுக்கு ரொம்பக் கீழ. பதினோரு மணி நேரம் உக்காந்து எண்ணி, பதினேழு வந்துச்சு. சாரோட தியரிப்படி ஒண்ணு கூட வரக் கூடாது.

"டிடெக்டர்ல குப்பை. எடுத்துடு அத"ன்னாரு சார்.

"மூணு தடவை செக் பண்ணினேன் சார்."

"இதோ பாரும்மா. நியூக்ளியஸ்ங்கறது பந்து மாதிரி உருண்டை. உருண்டையா இருந்தா பதினேழு வராது. அவ்வளவு கீழ போகாதேன்னு நீ டில்லி கிளம்பறச்சயே சொன்னேனோல்லியோ?"

சத்தியமா, யூனிஸ் கிளம்புறப்போ அவர் சொன்னது, "ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

சிரிக்கலாம். ஆனா யூனிஸுக்கு ஸ்காலர்ஷிப் மார்ச்சோட முடியுது. அதுக்குள்ள தீஸிஸ் சுருக்கம் போகணும், அதுல சார் கையெழுத்து வேணும். புள்ளி இருந்தா கையெழுத்து இல்லை. புள்ளி இல்லேன்னா தீஸிஸ்ல புதுசா ஒண்ணுமே இல்லை. லேப் அட்டெண்டர் குப்புராஜ் அண்ணன் கூட பொறுக்க முடியாம கேட்டுட்டாரு: "இன்னாம்மா இது? அம்மாந்தூரம் ரயில்ல போயி, குந்திகினு எண்ணினு வந்தது அந்த ஒத்தப் புள்ளிதானே? அதப் போயி அழிக்கச் சொல்றாரு! பேஜார் மனுசன்மா."

சனிக்கிழமை செமினார். சார் ஸ்கிரீன்ல ஷீட்டைப் போட்டாரு. பதினோரு புள்ளி, பூ கோத்த மாதிரி கோடு. பன்னெண்டாவது மட்டும் கோட்டுக்கு மேல தனியா தொங்குது, டிக்கெட் இல்லாம மாட்டின ஆள் மாதிரி. "எக்ஸலண்ட் அக்ரிமெண்ட்! கடைசி பாயின்ட் எரர், அத ட்ராப் பண்றோம். இதெல்லாம் நான் அப்பவே..."

பக்கத்துல யூனிஸ் சீட் நுனிக்கு நகர்ந்துட்டாங்க. ஷீட்டையே பாக்குறாங்க. புள்ளிகளை இல்லை, அடியில போட்டிருக்கிற எண்களை.

விஷயம் இதுதான். மெஷின் குடுக்குற சக்தி முழுசும் மோதலுக்குப் பயன்படாது. பத்துல ஒரு பங்கு, ரெண்டு கருவும் சேர்ந்து முன்னாடி நகர்றதுலயே போயிடும். அதைக் கழிச்சுட்டுத்தான் தியரிக்குக் குடுக்கணும். முதல் வருஷப் பசங்க எல்லாரும் மறக்குற கணக்கு. யூனிஸ் அஞ்சாவது வருஷத்துல, ரயில்ல வந்த அசதியில, மறந்துட்டாங்க. கழிக்காமலே சார்கிட்ட குடுத்திருக்காங்க. அதாவது பன்னெண்டு புள்ளியும் தப்பான இடத்துல நிக்குது. சாரோட கோடு, உலகத்துலயே இல்லாத ஒண்ணோட அச்சு அசலா பொருந்தியிருக்கு!

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எழுந்து நின்னுட்டாங்க.

"சார், மன்னிக்கணும். தப்பு என்னோடது. அந்த எனர்ஜி எல்லாம் மெஷின் எனர்ஜி. கழிக்காம குடுத்துட்டேன்."

நாங்க எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்த நிமிஷம்! இதுக்கு என்ன சொல்லப் போறாரு? சார் கண்ணாடியைக் கழட்டுனாரு. வேட்டி நுனி இல்லாததால டை நுனியில தொடைச்சாரு. மாட்டிக்கிட்டாரு.

"அதானே பாத்தேன். எனர்ஜியில என்னமோ இடிக்கறதேன்னு நான் அப்பவே..."

அந்த ஞாயித்துக்கிழமை முழுக்க கம்ப்யூட்டர் ரூம் கதவு சாத்தியே இருந்துச்சு. சரியான எண்ணைப் போட்டா, மூணு திருகாணியையும் எப்படித் திருகினாலும் பதினொண்ணு கூட கோட்டுல உக்கார மாட்டேங்குது. வேற வழி? பந்தைக் கொஞ்சம் நீட்டிப் பாத்திருக்காரு. உக்காந்துச்சு. பதினொண்ணு இல்லை, பன்னெண்டும்!

திங்கக்கிழமை காலையில எங்களைக் கூப்பிட்டாரு. "நியூக்ளியஸ் உருண்டைன்னு எவன் சொன்னான்? கோழிமுட்டை மாதிரி நீளம்டா! முனை முன்னால வந்து மோதினா கேட் உயரம் குறைஞ்சுடறது. நுழையறது. அந்தக் கடைசி பாயின்ட்தான் இந்த தீஸிஸுக்கே உயிர். அத மட்டும் எடுத்துடாதேன்னு தலையால அடிச்சுண்டேனோல்லியோ?"

"சார், போன வாரம் நீங்க..."ன்னு நான் ஆரம்பிச்சேன். யூனிஸ் என் காலை ஓங்கி ஒரு மிதி மிதிச்சாங்க.

"ஆமா சார். நீங்க அப்பவே சொன்னீங்க."

கையெழுத்து விழுந்துச்சு.

வெளிய வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கலை. "என்னக்கா, இப்படிக் காலுல விழுந்துட்டீங்க?" யூனிஸ் பேப்பரை மடிச்சு பைக்குள்ள வச்சாங்க. "காலுல எங்கடா விழுந்தேன்? கேட் சாத்தியிருந்துச்சு. லேசாக் குனிஞ்சேன். இப்போ நான் இந்தப் பக்கம் இருக்கேனா இல்லையா?"

அவங்க இப்போ டாக்டர் யூனிஸ். சார் இன்னும் புள்ளிக்காகக் காத்துக்கிட்டிருக்காரு.

சரி, நீங்க சொல்லுங்க. அந்த ஷீட்ல தப்பு இருக்கும், பொண்ணு எழுந்து நிக்கும், மனுஷன் பிளேட்டை மாத்திப் போடுவாருன்னு உங்களுக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு, இல்லையா? தெரிஞ்சப்போ யார்கிட்டயாவது சொன்னீங்களா? சொல்லலை. படிச்சு முடிச்சப்புறம்தான் தோணுது, "நான் அப்பவே நெனச்சேன்"னு.

தப்பில்லை சார். நாலாவது பிளாட்பாரத்துல, வைத்தீஸ்வரன் சார் பக்கத்துல, கொஞ்சம் இடம் இருக்கு. போய் நின்னுக்குங்க. வண்டி ரெண்டுல வருது.