பூல் பச்சையாகவே இருக்கட்டும்

எங்கள் வீட்டு ஸ்விம்மிங் பூலைச் சுத்தம் செய்வதில்லை என்று நான் வைராக்கியம் பூண்டது ஒரு திங்கட்கிழமை மாலை. இதை என் மனைவி சாந்தியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னது, "ஆள் எதுக்கு? நானே சுத்தம் பண்றேன்" என்பது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் கேட்டி என்ற ஊரில் நாற்பது தாண்டியவர்களுக்கென்று ஒரு கிரிக்கெட் லீக் இருக்கிறது. எங்கள் அணி முதல்முறையாக ஃபைனலுக்கு வந்திருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேட்ச். கேப்டன் செழியன் என்னை ஓப்பனிங் இறங்கச் சொல்லிவிட்டான். ஆறு வருஷமாகப் பதினோராவது ஆளாகவே இறங்கிக்கொண்டிருந்தவன் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் போன வருஷம் ஒரு கேட்சுக்காகத் தாவி, கேட்சையும் விட்டு, முழங்காலையும் விட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "இனிமே கிரவுண்டுப் பக்கமே போகமாட்டேன்" என்று சாந்தியிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். போதாததற்கு, அதே சனிக்கிழமை காலை அவள் எட்டுக் குடும்பங்களை இந்த சீசனின் பூல் திறப்புக்கு அழைத்துவிட்டாள். பிள்ளைகள் நீந்துவார்கள். பெரியவர்கள் சாப்பிடுவார்கள். நான் டவல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பூல் பச்சையாக இருந்தால் பார்ட்டி இல்லை. பார்ட்டி இல்லையென்றால், ஆபீஸில் அவசரம் என்று நழுவிவிடலாம். குளிர்காலம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காததால் பூலும் ஒத்துழைத்தது. தண்ணீர் கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் இருந்தது.

தினமும் மாலை க்ளோரின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவேன். ஊற்றாமல் திரும்பக் கொண்டுவருவேன். நீளக் கம்பு வைத்த பிரஷ்ஷால் சுவரை அழுத்தித் தேய்ப்பேன். தேய்த்தால் பாசியெல்லாம் தண்ணீரில் கலந்து இன்னும் பச்சையாகும். சாந்தி சமையலறை ஜன்னலை விட்டு நகர்ந்ததும் ஃபில்டர் மோட்டாரை அணைப்பேன். வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஏனுங்க, நேத்தைவிட இன்னைக்குப் பச்சை ஜாஸ்தியா இருக்குதுங்களே?"

"பாசி செத்துட்டிருக்கு சாந்தி. சாகறப்பக் கொஞ்சம் கலர் கூடும்."

"பாவமுங்க."

"ஆல்கலினிட்டி சரியா இல்லேன்னா க்ளோரின் வேலையே செய்யாது. ஸ்டெபிலைசர் வேற பாக்கணும். இதெல்லாம் பெரிய கெமிஸ்ட்ரி."

"உங்களுக்கு எவ்வளவு விஷயம் தெரியுதுங்க!"

பதினெட்டு வருஷத்தில் சாந்தி என்னைப் பாராட்டியது மொத்தம் இரண்டு முறை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, இன்னும் இருபது நிமிஷம் விளக்கினேன்.

வியாழக்கிழமை, பூல் சாமான் விற்கும் கடைக்குத் தண்ணீரை டெஸ்ட் பண்ணக் கொண்டுபோனேன். இலைகள் அழுகிக் கிடந்த மூலையாகப் பார்த்து மொண்டு, கிச்சனில் கிடைத்த காலி பாட்டிலில் ஊற்றியிருந்தேன். கடைப்பெண் மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். கழுவித்தான் வைத்திருந்தோம். பெருங்காயத்துக்கு அந்தக் கழுவல் போதவில்லை.

ரிப்போர்ட் அருமையாக வந்தது. உப்பு எகிறியிருந்தது. புளிப்பும் எகிறியிருந்தது. க்ளோரின் பூஜ்யம். கீழே சிவப்பு எழுத்தில், யாரும் இறங்க வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டலாம் போலிருந்தது.

"மனசைத் தேத்திக்கோ சாந்தி" என்று சோகமாக நீட்டினேன்.

அவள் வரி வரியாகப் படித்தாள். "மூணு நாள் ஊத்தியும் க்ளோரின் ஜீரோங்களா?"

"எல்லாத்தையும் பாசி குடிச்சிருச்சு."

"இத்தனை உப்பு எப்படிங்க வந்துச்சு?"

"கேட்டி தண்ணி அப்படி."

"அப்படிங்களா." காகிதத்தை மடித்தாள். "சரிங்க. சனிக்கிழமை நீச்சலைக் கேன்சல் பண்ணீர்றனுங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரவேண்டாம்னு குரூப்ல போட்டுடறேன்."

இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. பிறகு கராஜுக்குப் போய், பிரஷ் கம்பால் நாலு கவர் டிரைவ் அடித்துப் பார்த்தேன். உறுத்தல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வெள்ளை ஜெர்சிக்கு மேல் ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன். எட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் கையிலும் ரப்பர் கிளவுஸ். முன்னால் நின்றவள் அடுத்த தெரு ஜலஜா.

"வணக்கம்ண்ணா! எங்க பூலும் பச்சைதான். கிளாஸ் மத்தியானம் வரைக்குமாமே?"

"என்ன கிளாஸ்?"

சாந்தி பின்னாலிருந்து காபித் தட்டோடு வந்தாள். "அன்னைக்கு நீங்க சொன்ன கெமிஸ்ட்ரியெல்லாம் அப்படியே குரூப்ல போட்டனுங்க. எல்லாருக்கும் கத்துக்கணும்னு ஒரே ஆசை."

"நீ கேன்சல் பண்ணிட்டேன்னு சொன்னியே?"

"நீச்சலைத்தானுங்க கேன்சல் பண்ணேன்."

"பூல் இன்னும் பச்சையா இருக்கே சாந்தி!"

"பச்சையா இருந்தாத்தானுங்க சொல்லிக் குடுக்க முடியும்? தெளிஞ்ச தண்ணில என்னத்தைக் காட்டறது? நல்லவேளை, இத்தனை நாளும் நீங்க ஒரு சொட்டு க்ளோரின் ஊத்தலை."

எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "எனக்கு ஆபீஸ்ல..."

"தெரியுமுங்க. செழியன்கிட்ட நேத்தே பேசிட்டேன். உங்களுக்குப் பதிலா ஜலஜா வீட்டுக்காரர் சந்தானம் அண்ணன் ஓப்பனிங் இறங்கறாரு."

பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள். மத்தியானம் வரை தேய்த்தேன். எந்த ஓரத்தில் பாசி விட்டுப்போயிற்று என்பதை எட்டுப் பேரும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டு மணிக்கு, கப் எங்களுக்குத்தான் என்று செழியனிடமிருந்து மெசேஜ் வந்தது. என் போனுக்கு இல்லை, சாந்தி போனுக்கு. "ரொம்ப தேங்க்ஸ்க்கா. அடுத்த சீசனுக்கும் இதேமாதிரி அண்ணனை வீட்லயே வெச்சுக்கோங்க."