தீப்பெட்டி தொரை வெரட்டுன குளிர்காலம்

பினாங்குல குளிர்காலத்த வெரட்டி அடிச்ச ஒரே மனுஷன் எங்க தீப்பெட்டி தொரைதான். பினாங்குல ஏதுய்யா குளிர்காலம்னு கேக்காதீங்க. அதத்தான் நாங்களும் அவர்கிட்டக் கேட்டோம்.

சுவீடன் நாட்டுக்காரரு. அந்த ஊரு தீப்பெட்டிய இங்க எறக்கி விக்கிற ஏஜெண்டு. சூலியா தெருவுல கீழ சரக்குக் கிட்டங்கி, மேல அவரு வீடு, ரெண்டுக்கும் நடுவுல கணக்கெழுதுற கிராணியா நான். அவரு நிஜப் பேரு எங்க யாரு வாயிலயும் நொழையல. ஆளு தென்னமரம் ஒசரம். வெயில்ல நடந்தா வெந்த எறா மாதிரி செவந்துடுவாரு. மலாயும் தமிழும் போட்டுக் கொழப்பி ஒரு பாஷை பேசுவாரு. அது அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் புரியும். பல நேரம் எனக்கும் புரியாது.

சித்திரை பாதியானா தொரைக்கு என்னமோ ஆயிடும். காலேஜ்ல படிச்சப்ப போட்ட வெள்ளைத் தொப்பிய பெட்டியில இருந்து எடுத்து மாட்டிக்குவாரு. தலை வளந்துடுச்சு, தொப்பி வளரல. உச்சியில கொக்கு உக்காந்த மாதிரி இருக்கும். பக்கத்துச் சோத்துக்கடை காதர் பாய் மொத தடவ பாத்துட்டு, "என்ன தம்பி, தொரை ஹஜ்ஜுக்குப் போறாரா?"ன்னு கேட்டாரு.

விஷயம் என்னன்னா, அவங்க ஊர்ல அந்த சமயத்துல எல்லாரும் வெட்டவெளியில பெரிய நெருப்பு மூட்டி, ஒண்ணாக் கூடிப் பாடி, குளிர்காலத்த அனுப்பிட்டு வசந்தத்தக் கூப்புடுவாங்களாம். போன வருசம் தொரை கடக்கரையில தனியா மூட்டி, தனியாப் பாடினாரு. போலீஸ்காரரு ஒருத்தரு, "ஐயாவுக்கு ஒடம்புக்கு என்ன?"ன்னு கைத்தாங்கலாக் கொண்டாந்து விட்டாரு. அதுலேருந்து மனுஷன் சரியாச் சாப்புடல, சிரிக்கல.

"இந்த வருசமும் தனியாத்தான்னா அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறேன், கிராணி. தனியாப் பாடினா குளிர் போகாது. உள்ள வந்து உக்காந்துக்கும்."

எனக்குத் திக்குன்னுச்சு. தொரை மேல பாசம்னு நெனக்காதீங்க. அவரு போனா என் வேலையும் போயிடும்லா!

தெருவெல்லாம் ஆள் சேத்தேன். "நெருப்பு மூட்டப் போறோம், வாங்க"ன்னா போதும்னு நெனச்சது தப்பாப் போச்சு. "அட, போகியா? தைக்கு முன்னாலயே முடிஞ்சிடுச்சே"ன்னாங்க. "இது தொரைமாரு போகி"ன்னு சொல்லி வச்சேன். அவ்ளோதான், ஓட்டைப் பாய், ஒடஞ்ச முக்காலின்னு ஆளாளுக்குக் கட்டி வச்சுட்டாங்க. தொரை எங்களுக்கு அவங்க ஊரு வசந்தப் பாட்டச் சொல்லிக் குடுத்தாரு. காதர் பாய் பாடினா, தொண்டையில மீன் முள்ளு சிக்குன மாதிரி இருக்கும். நான் பாடினா, அத எடுக்கப் போராடுற மாதிரி இருக்கும். தொரை மட்டும் "பாகுஸ், பாகுஸ்"னு, நல்லாருக்குன்னு தலையாட்டுவாரு.

அந்த நாளும் வந்துச்சு. கூடவே மழையும் வந்துச்சு.

பொழுது சாயுறப்ப மழை விட்டுச்சு. ஆனா கடக்கரையில அடுக்கி வச்ச வெறகு, பாய், முக்காலி எல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சு கெடக்கு. தொரை குச்சி கிழிக்கிறாரு. புஸ்ஸுங்குது. இன்னொண்ணு. அதுவும் புஸ்ஸு. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி விக்கிற மனுஷனோட காலடியில காலிப் பெட்டியாக் குவியுது. சனங்க ஒவ்வொருத்தரா நழுவ ஆரம்பிச்சாங்க. தொரை தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு.

"போங்க, கிராணி. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அப்பத்தான் அப்பம் விக்கிற மீனாட்சி அக்கா, அவங்க வீட்டுக்காரரு மாரியண்ணனோட மாட்டுவண்டிய ஓட்டிக்கிட்டு வந்து எறங்குனாங்க. தார்ப்பாயத் தூக்குனா, கொஞ்சங்கூட நனையாத இலவம்பஞ்சு மெத்தை!

கூட்டத்துல நின்ன மாரியண்ணன் அலறுனாரு. "அடியே, அது நான் படுக்குற மெத்தைடி!"

"மூட்டப்பூச்சி படுக்குற மெத்தை. நீ வாடகைக்கு இருந்த, அவ்ளோதான். புடிங்க, காதர் பாய்!"

ஒரே குச்சி. குபீர்னு புடிச்சுது பாருங்க, கடல் முழுக்க செவந்து போச்சு. போனவங்கெல்லாம் திரும்பி ஓடியாந்தாங்க. தொரை தொப்பிய மறுபடி மாட்டிக்கிட்டு என்னையப் பாத்தாரு. நாந்தான் பாட்ட எடுத்துக் குடுக்கணும்.

மொத வரி வந்துச்சு. ரெண்டாவது வரி வரல. காதர் பாயப் பாத்தேன், அவரு வானத்தப் பாத்தாரு. தொரை மொகம் வாட ஆரம்பிச்சுது. பயத்துல வாயத் தொறந்தேன். எங்கேருந்துதான் வந்துச்சோ, பள்ளிக்கூடத்துல பாடுன அதே ராகத்துல:

"ஓரெண்டு ரெண்டு... ஈரெண்டு நாலு..."

காதர் பாய் சட்டுனு புடிச்சுக்கிட்டாரு. "மூவெரண்டு ஆறு!" கூட்டமே சேந்துக்கிச்சு. பள்ளிக்கூடமே போகாத மீனாட்சி அக்கா ராகத்த மட்டும் இழுத்தாங்க. மெத்தை போன மாரியண்ணன்கூடப் பாடினாரு, கொஞ்சம் அழுகையோட.

முடிஞ்சதும் தொரை கண்ணு ரெண்டும் தளும்பிக்கிட்டு நின்னுச்சு. "இது ஒங்க வசந்தப் பாட்டா, கிராணி?"

"ஆமா தொரை."

"என்ன அர்த்தம்?"

"ஒண்ணு இருந்த எடத்துல ரெண்டு வரும். ரெண்டு இருந்த எடத்துல நாலு வரும். அப்படியே வந்துக்கிட்டே இருக்கும்."

தொரை கரையோரத்து மரத்த அண்ணாந்து பாத்தாரு. "இலையா?"

"இலைதான் தொரை."

மறுநா காலையில தொரை காதர் பாய் கடையில ரெண்டு தட்டு சோறு சாப்புட்டாரு. கப்பல் பேச்சே எடுக்கல. மாரியண்ணனுக்குப் புது மெத்தை வந்துச்சு. அதுக்கப்பறம் வருசா வருசம் வாய்ப்பாட்டுக்கு மொதக் கொரல் தொரையோடதுதான்.

வயசான பெறகுதான் ஊருக்குப் போனாரு. இப்ப சித்திரை பாதியானா, கொல்லையில நாலு காஞ்ச ஓலையக் கொளுத்திட்டு ரெண்டாம் வாய்ப்பாட்ட முணுமுணுப்பேன்.

"என்னங்க பண்றீங்க?"ன்னு பொஞ்சாதி கேப்பா.

"குளிர்காலத்த அனுப்புறேன்."

"இந்த ஊர்ல யாருக்குக் குளிருது?"

"இங்க இல்லடி. தொரைக்கு."