ஊறப்போட்ட வண்டி

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் சொல்லாமல் விட்ட பாவம் ஒன்றே ஒன்றுதான். வெட்கத்தால் மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். தொட்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சாமியாரே அந்தச் சம்பவத்தில் நடுவராகவும் இருந்து தொலைத்தார்.

அது யுத்த காலம். தூத்துக்குடிக் கடைகளில் விளையாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்ததை வைத்து, எங்கள் பங்குச் சாமியார் கோயில் திருவிழாவில் பிள்ளைகளுக்கு ஒரு பந்தயம் அறிவித்தார். கையளவு மரவண்டியைச் சாய்த்த பலகையின் உச்சியிலிருந்து விட வேண்டும். தள்ளக் கூடாது. அதிக தூரம் ஓடும் வண்டிக்குப் பரிசு. (பலகை இல்லாமல் முடியாது. எங்கள் ஊரில் மேடு என்றால் உப்புக் குவியல்தான்.) வண்டியைப் பிள்ளைகளே செய்ய வேண்டும், பெரியவர்கள் கூடமாட உதவலாம் என்பது நிபந்தனை.

என் மகள் பிலோமிக்கு அப்போது பத்து வயது. பொம்பளப் பிள்ளைக்கு வண்டி செய்ய வருமா என்று தெருப் பையன்கள் கேட்டுவிட்டார்கள். அதற்காகவே பெயர் கொடுத்தாள். பஞ்சாலையில் கழித்துப்போட்ட நூல்கட்டைகளை வாங்கி வந்து, வில்லையாக அறுத்து, அம்மிக்கல்லில் தேய்த்து நாலு சக்கரம் செய்தாள். மூங்கில் குச்சியைச் சீவி அச்சாக்கி, பலகைத் துண்டுகளைச் சேர்த்துப் பெட்டிபோல் வண்டி கட்டினாள். துளைகளில் தேங்காயெண்ணெய் தடவினாள். ஒரு சக்கரத்தைச் சுண்டினால் நான் ஐம்பது எண்ணும்வரை சுற்றும்.

உதவலாம் என்ற ஒரு சொல் போதாதா எனக்கு? நான் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. சுத்தியலைத் தேங்காய் உடைக்க மட்டுமே எடுத்தவன். ஆனால் தோணித்துறைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் அல்லவா, மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. வண்டியைக் கையில் வாங்கி, பலகைச் சேர்மானத்தில் மயிரிழை இடைவெளி தெரிகிறது என்று குற்றம் கண்டுபிடித்தேன்.

"ஏளா, இத ஊறப்போடணும். புதுத் தோணி தண்ணில இறங்கினாத்தான் பலகை ஊதி இறுகும்" என்றேன்.

"தோணி மிதக்கும்ப்பா. இது உருளணும்லா" என்றாள்.

இப்போது யோசித்தால், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை சொல்லி ஒரு குமாஸ்தா கேட்பதா? பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வண்டியை அண்டாவில் அமிழ்த்தினேன். கிணற்றுத் தண்ணீர் சரிப்படாது என்று கடலுக்கே போய் இரண்டு குடம் மொண்டு வந்தேன். என் மனைவி தங்கையின் பிரசவத்துக்குப் புன்னைக்காயல் போயிருந்தாள். இருந்திருந்தால் என்னையே அந்த அண்டாவில் போட்டு அமுக்கியிருப்பாள்.

திரும்பி வந்த பிலோமி கெஞ்சினாள், அழுதாள். காலைவரை ஊறட்டும் என்று நான் நகரவில்லை.

மறுநாள் திருவிழாக் கூட்டத்தில் பிலோமி தன் வண்டியைப் பலகை உச்சியில் வைத்துக் கையை எடுத்தாள். மற்ற வண்டிகள் இறங்கி ஓடின. எங்கள் வண்டி வைத்த இடத்தில் நின்றது. அச்சும் சக்கரமும் ஊதி ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. சாமியார் பலகையை இன்னும் நிமிர்த்தச் சொன்னார். கடைசியில் வண்டி சக்கரம் சுற்றாமலே சறுக்கி, குப்புற விழுந்தது. உள்ளேயிருந்து கொஞ்சம் கடல் தண்ணீரும் கொட்டியது.

கூட்டம் சிரித்த சிரிப்பு பனிமயமாதா கோயில் மணிக்கே கேட்டிருக்கும். சாமியார் வண்டியை எடுத்துப் பார்த்து, "இதை யார் ஊறப்போட்டது?" என்று கேட்டார். என் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"இவதான் சாமி. நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்றேன்.

என் வாயால் சொன்னேன். பிலோமி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்; அவர்கள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். வண்டியைப் பாவாடையில் துடைத்து எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு எதையும் அறுக்கவோ சீவவோ அவள் என்னிடம் கத்தி கேட்டதே இல்லை.

மனைவி ஊரிலிருந்து திரும்புவதற்குள் கதை அவள் காதுக்குப் போய்விட்டது. ஊர் சொன்னபடியே அவளும் நம்பினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும், கதவு மழையில் ஊதி இறுகினாலும் "பிலோமி ஊறப்போட்டுட்டா" என்பதுதான் பேச்சு. அவள் கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அது சீதனத்தோடு போயிற்று. இன்று பேரப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

போன கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஒரு பேரன் மறுபடி அதைச் சொன்னான். பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன். ஊறப்போட்டது நான்தான், கடல் தண்ணீர் மொண்டு வந்ததும் நான்தான், அவள் மேல் பழியைப் போட்டதும் நான்தான் என்று சபை நடுவே சொன்னேன்.

மருமகன் சிரித்தான். "மாமா, வயசான காலத்துல மகளுக்காகப் பொய் சொல்லுதிய பாருங்க" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது, எப்பேர்ப்பட்ட தகப்பன் என்று!

பிலோமி மட்டும் சிரிக்கவில்லை. என் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"காஞ்ச பெறவு அது நல்லா ஓடிச்சுப்பா."

அது ஓடியதை நான் பார்க்கவில்லை.