தாலியாகிப் போன மூக்குத்தூள் பெட்டி

எங்கள் வீட்டில் பெறுமதியான எதையும் என் கையில் தரமாட்டார்கள். மகள் தன் காப்பைக் கழற்றினால் என்னைத் தாண்டிப் போய்த் தாயிடம் கொடுப்பாள். "அப்பாவிட்டைக் குடுக்காதேங்கோ, உருக்கிப்போடுவார்" என்பது இருபது வருடப் பகிடி. கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உருக்கியவன் நான்தான்.

என் அப்பா துறைமுக வாசலுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போக மூட்டை கட்டிய நாட்களில், ஓர் அதிகாரி வந்து உள்ளங்கை அளவான தங்கப் பெட்டியொன்றை அப்பாவின் மேசையில் வைத்தார். அவருடைய பாட்டனின் பாட்டன் மூக்குத்தூள் வைத்திருந்த பெட்டியாம். அதற்கு வெல்வெட்டில் ஒரு பை வேண்டும். விலாசம் எழுதிய துண்டையும் கொடுத்து, நாளை வருவேன் என்று போனார். அன்று மாலையே அவருடைய கப்பல் புறப்பட்டுவிட்டது. கருநீலத்தில் பை தைத்து முடிந்தது, ஆளைக் காணவில்லை. அந்த விலாசத்துக்கு அப்பா போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை.

பெட்டியின் மூடியில் எனாமலில் தீட்டிய ஒரு படம். மரத்தடியில் நீலச் சட்டைக்காரி, குழல் ஊதும் ஒருவன், இரண்டு செம்மறிகள். சாமி படத்தைத் துடைப்பதுபோல அப்பா வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைப்பார்.

"நகத்தளவு இடத்திலை சட்டைக் கைக்கு ஏழு சுருக்கு வைச்சிருக்கிறான், பார். என்னாலை ஏலாது" என்பார். (அப்பா தன்னால் ஏலாது என்று ஒப்புக்கொண்ட ஒரே தையல் அது.)

வெளிநாட்டுக் கப்பல் ஏதாவது வந்தால் முகம் மழித்து, சப்பாத்துப் போட்டு, பெட்டியோடு இறங்குதுறைக்குப் போவார். இப்படி ஐந்து வருடம். துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்த எனக்கு இது பெரிய மானக்கேடு. "அவன் மறந்துபோனான் அப்பா, இனி அது எங்கடை" என்பேன். "அடைக்கலமா வந்த சாமான் எப்பிடி எங்கடையாகும்?" என்பார்.

எனக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில். மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, சபைக்கு முன்னால் தாலிக்கான பொன்னை உருக்குவார்களே, அந்தப் பொன்னுருக்குக்கு அப்பா ஒரு பவுண் வாங்கி வைத்திருந்தார். ஆனால் என்னிடம் ஒரு கழுத்துப்பட்டியும் அதைவிட நீளமான நாக்கும் இருந்தன. பெண்ணின் தமையனிடம், "உங்கடை தங்கச்சிக்குக் கடைப் பவுண் இல்லை, இங்கிலாந்துப் பரம்பரைத் தங்கம்" என்று அளந்துவிட்டேன். அவர் வாயைப் பிளந்தார். அந்தப் பிளந்த வாய்க்காக நான் எதையும் செய்யத் தயாரானேன்.

பொன்னுருக்கு அன்று அப்பா வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றார். நான் அலுமாரியைத் திறந்து, பையை அங்கேயே விட்டு, பெட்டியை எடுத்து வந்து, பொன் உருக்க வந்திருந்த பத்தரின் தட்டில் வைத்தேன். பத்தர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ஐயாவுக்குத் தெரியுமே?"

"ஓம்" என்றேன். ஓர் உயிரும் ஒரு மெய்யும்தான். அதற்குள் எவ்வளவு பெரிய பொய் அடங்குகிறது!

எனாமல் கண்ணாடி மாதிரி, முதலில் தட்டிக் கழிக்கவேண்டும் என்றார் பத்தர். சுத்தியல் பட்டதும் செம்மறிகள் போயின. குழல்காரன் போனான். மூடியின் மூலையில் எந்தக் காலத்திலிருந்தோ ஒட்டியிருந்த மூக்குத்தூளைப் பத்தர் ஊதித் தள்ள, அது நேரே என் மாமியின் மூக்குக்குள் போனது. மாமி ஒற்றைத் தும்மல் போட்டார். சபை உறைந்தது. அபசகுனத்தை இரட்டையாக்கிச் சரிக்கட்ட என் பெரியப்பா பொய்யாக ஒரு தும்மல் போட்டார். பிறகு அவருக்கு உண்மையாகவே வந்துவிட்டது. மூன்று, ஐந்து, ஏழு என்று எண்ணிக்கை ஒற்றையிலேயே போய் நின்றது.

சிரிப்பு அடங்குவதற்குள் பெட்டி நெருப்பில் ஏறிவிட்டது. வெற்றிலைத் தட்டோடு உள்ளே வந்த அப்பா அதைக் கண்டார். பாதி வளைந்த மூடி இன்னும் தெரிந்தது. தட்டைக் கீழே வைத்தார்.

"எடுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பத்தர் எடுத்திருப்பார். ஆனால் பொன்னுருக்கு நெருப்பை நடுவில் நிறுத்தினால் அந்தத் தாலி நிலைக்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. "நேரம் போகுது, ஊதுங்கோ" என்றார் பெரியப்பா. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் கையாலேயே ஒரு பிடி உமி அள்ளி நெருப்பில் போட்டார்.

எல்லோரும் போனபின் நிலத்தில் எதையோ தேடிப் பொறுக்கினார். நீலமாக ஒரு துண்டு. "கைச் சுருக்குத் தப்பியிருக்கு" என்றார். அன்று முழுக்க அவர் என்னோடு கதைத்தது அவ்வளவுதான். அவர் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

அடுத்த வருடம் அந்த அதிகாரியின் கடிதம் வந்தது. எங்கெங்கோ அலைந்து இப்போதுதான் வீடு திரும்பினாராம். பெட்டி பத்திரமாக இருக்கும் என்று தனக்குத் தெரியுமாம், கையில் வைத்திருப்பவர் அப்படிப்பட்டவராம். எனக்குத்தான் இங்கிலீசு தெரியும் என்று பீற்றிக்கொண்டவன் நான். வாசித்துச் சொல்ல வேண்டியவனும் நானே. "உள்ளதை எழுது" என்றார் அப்பா. எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். பதில் வரவில்லை. சாகும்வரை தபால்காரனைக் கண்டால் அப்பா எழுந்து நிற்பார்.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, என்னைத் தாண்டி என் மனைவியைக் கூப்பிட்டார். அந்த வெல்வெட் பையைக் கொடுத்தார். உள்ளே நீலத் துண்டும் விலாசமும்.

"பிள்ளை, அந்தாளின்ரை பொன் உன்ரை கழுத்திலை கிடக்கு. கழட்டுற காலம் வந்தா அனுப்பிவிடு. அவரில்லாட்டிலும் பிள்ளையள் இருப்பினம்."

தாலியைக் கழற்றும் காலம் எப்போது வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா அளவெடுக்காமல் எதையும் வெட்டுகிறவர் அல்ல.

அன்றிலிருந்து எனக்குக் காய்ச்சல் வந்தாலே பிள்ளைகள், "அம்மா, வெள்ளைக்காரன்ரை விலாசம் எங்கை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய?

போன மாதம் நெஞ்சுவலியென்று இரண்டு நாள் ஆசுப்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்து பையைப் பார்த்தேன். நீலத் துண்டு இருந்தது, விலாசம் இருந்தது. கூடவே, இங்கிலாந்துக்குப் போதுமான அளவுக்குப் புதிய தபால் முத்திரைகளும் இருந்தன.