ஆறு றாத்தல் பாணும் அப்பாவும்

கையில் கோப்போடு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்று கேட்பவரிடம் எங்கள் மலையகத்தில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. குறைத்துச் சொன்னால் வருகிற நிவாரண மாவும் குறைந்துவிடும். இது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வட்டகொடையில் லயத்தில் பிறந்து, உணவு விஞ்ஞானத்தில் பட்டமும் வாங்கிய எனக்கு மட்டும் மறந்துபோனது. (படிப்பு அப்படித்தான். ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே போய்விடும்.)

கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பாண், அதாவது பேக்கரி ரொட்டி, சீக்கிரம் காய்ந்துபோகாமல் இருக்க மாவில் ஒரு நொதியம் சேர்ப்பார்கள். பூஞ்சணத்தை வளர்த்து அதிலிருந்து எடுப்பது. அது உடம்புக்கு ஆகுமா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. பூஞ்சணம் நஞ்சு சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எலிகளுக்கு ஏராளமாக ஊட்டிப் பார்க்க வேண்டும். எலிக்குக் கேடு செய்யாத அளவுக்கும் மனிதன் தின்னும் அளவுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால் பயமில்லை. எலி வேலையை மற்றவர்கள் முடித்திருந்தார்கள். மனித வேலை என் தலையில் விழுந்தது. தோட்டத்து மக்கள் எவ்வளவு பாண் சாப்பிடுகிறார்கள் என்று ஒழுங்காக விசாரித்து வந்தால் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் சிங்களத்தில் சொன்னார்.

சொந்த லயத்துக்கே டை கட்டிக்கொண்டு போனேன். முதலில் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா.

"பாணா? காலையில ரெண்டு றாத்தல், அந்திக்கு ரெண்டு றாத்தல் தம்பி."

"ஒரு ஆளுக்கா அக்கா?"

"ஆளுக்குத்தான். புள்ளைங்களுக்குத் தனியா எழுதிக்கங்க."

எல்லோரும் சொல்லி முடிக்கட்டும் என்று அப்பா காத்திருந்தார். பிறகு, "எனக்கு ஆறு றாத்தல் போட்டுக்கப்பா" என்றார். ஆறு முழுப் பாண்! அப்பா சட்டை போட்ட ஈர்க்குச்சி. காலையில் பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு மீதியை நாய்க்குப் போடுகிறவர். ஆனால் ஆய்வாளன் தன் சொந்த அபிப்பிராயத்தைத் தரவில் கலக்கக் கூடாது என்று படித்திருந்தேனே! ஆறு என்றே எழுதிக்கொண்டேன்.

கூட்டத்தில் என் முடிவை வாசித்தேன். நொதியத்தால் எலிகளுக்கு ஆபத்தில்லை, வட்டகொடைக்கு ஆபத்து.

"இந்த ஆறு றாத்தல்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?" என்று மேடம் கேட்டார்.

"இருக்கிறார் மேடம். என் அப்பா."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நான் தோட்டத்துக்குப் போகவே இல்லை, அறையில் இருந்தபடியே இட்டுக்கட்டி எழுதிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், பொய் என்றால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். "அப்பா, நான் பொய்க் கணக்கு எழுதிட்டேன்னு சொல்றாங்க. மேடமே நேர்ல வர்றாங்க. வேலை போயிரும்போல." உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் வாயெடுப்பதற்குள், "நீ பயப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை லயத்து வாசலில் பெருங்கூட்டம். நிவாரண மா வாங்க ஆளுக்கொரு வெறும் உரப்பைச் சாக்கு. நடுவில், வாங்குப் பலகையில் அப்பா. அவர் முன்னால் ஆறு றாத்தல் பாணும் ஒரு சட்டி சம்பலும். மேடத்தைக் கண்டதும் கும்பிட்டுவிட்டுத் தின்ன ஆரம்பித்தார்.

முதல் றாத்தல் மரியாதையாகப் போனது. இரண்டாவதில் வியர்த்தது. மூன்றாவதில் கண் பிதுங்கியது. மாரியாயி அக்கா முதுகைத் தடவிக்கொண்டே, "முழுங்கிருங்கண்ணே, தம்பி வேலை!" என்று உற்சாகப்படுத்தினார். கடைசியில் மேடமே ஓடிவந்து, "எத்தி தாத்தே, எத்தி!" (போதும் அப்பா, போதும்!) என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, மிச்சப் பாணை வெட்கத்தோடு பார்த்தார். "மகன் எழுதுன கணக்கு சரிதாங்க மேடம். நாந்தான் இன்னைக்குக் கொஞ்சம் கொறவா சாப்பிட்டேன்."

அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் நான். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. மேடத்துக்கு அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டது; அப்பா சொன்ன வசனத்தின் அர்த்தத்தைத் திரும்பும் வழியில்தான் சொன்னேன்.

தோட்டத்துக் கடையில் விற்ற பாணைத் தலைக்கணக்கால் வகுத்து மறுபடி எழுதினேன். நொதியமும் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. அப்பா மட்டும் இன்றுவரை பாணை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது யார் தட்டில் மிச்சம் வைத்தாலும் அந்த வசனம்தான். என் கல்யாணத்துக்கு மேடம் வந்திருந்தார். பந்தியில் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தார். இதற்கென்றே மனப்பாடம் செய்து வந்த தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நாந்தான்... இன்னைக்கு... கொஞ்சம் கொறவா சாப்பிட்டேன்."